நாற்பத்தொன்றாவது உதை

இருமவில்லை என்று சொன்னால் பொய்.
மணல்மேடு ஏறும்போது
இரண்டு முறை இருமியது.
பிறகு சத்தம் கழன்று
எங்கோ பின்னால் விழுந்துவிட்டதுபோல்
பாலைவனம் முழுக்க
என் காதுக்குள் வந்தது.

கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு
உருண்ட மட்டும் உருண்டேன்.
நின்ற இடத்தில் ஒரு கார்தோன் கள்ளி.
அதன் நிழல் என் தோள் அகலம்.
பண்ணைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்.
தண்ணீர் அரை பாட்டில்.
மாட்டுத்தொட்டிக்கு வரும் குழாய்
எங்கே உடைந்தது என்று பார்க்க வந்தவள் நான்.

உதைத்தேன்.
பத்து வரை எண்ணினேன்,
இருபது வரை திட்டினேன்,
முப்பதில் பூட்ஸுக்குள் பாதம் துடித்தது.
முப்பத்தாறில் நிறுத்தினேன்.

எப்படிச் செத்தது என்று கேள், நெரெய்தா.
ஏன் என்று பிறகு கேட்கலாம்.
சுவிட்ச்சை அணைத்ததுபோல் சட்டென்றா,
பசி மயக்கத்தில் சரிகிறவன்போல்
இழுத்து இழுத்தா?
இருமல் நினைவிருக்கிறது.
அதற்கு முன்னால் ஒன்றும் நினைவில்லை.
அந்த நேரம் நான் எவுசெபியோவோடு
மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹேண்டில்பாரில் சிவப்புப் பொத்தான்.
அதன் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், மாற்றமில்லை.
பிளக்கைக் கழற்றி
என்ஜின் மேல் சாய்த்து
தொப்பியால் வெயிலை மறைத்துக்கொண்டு
கிக்கரைக் கையால் அழுத்தினேன்.
நீலம்.
சின்னதாய், கோபமாய், சரியான நீலம்.

ஆனால் பிளக் உலர்ந்திருந்தது.
முப்பத்தாறு உதைக்குப் பிறகும்
வெயிலில் கிடந்த எலும்புபோல்.
பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் பொத்தினேன்,
விரலைத் தள்ளிவிட்டது காற்று.
நெஞ்சில் வலு இருக்கிறது,
தொண்டையில்தான் ஒன்றும் இறங்கவில்லை.

டேங்க்கை ஆட்டினேன். சளக் சளக்.
பாதிக்கு மேல் இருக்கிறது.
பெட்ரோல் குழாயும் திறந்தேதான் இருக்கிறது.
கார்புரேட்டர் அடியில் திருகைத் தளர்த்தினேன்.
ஆறு சொட்டு.
ஏழாவது
எட்டிப் பார்த்து, யோசித்து,
உள்ளேயே போய்விட்டது.

தலைகீழாய் நட்ட கேரட்டுகள்போல
சீரியோ மரங்கள்
சரிவெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன.

உள்ளே குப்பையோ என்று பார்க்கத்தான்
டேங்க் மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்ஸ்
நீருக்கடியிலிருந்து தலை தூக்கியவன்போல்
அது இழுத்த மூச்சு
நான் பயப்படுமளவு நீளம்.
கீழே மறந்துபோன திருகிலிருந்து
பெட்ரோல் தாரையாய்க் கொட்டியது,
மணலில், என் ஜீன்ஸில்.

மூடியிலிருந்து தொங்கும் காற்றுக்குழல்
ஒரு பென்சில் நீளம்தான்.
பெட்ரோல் கீழே இறங்க இறங்க
காற்று மேலே ஏறவேண்டிய வழி.
அதன் நுனியில் ஒரு குச்சி.
சேறல்ல, குளவி கட்டியதல்ல.
கத்தியால் சீவி
அளவெடுத்துச் செருகிய குச்சி.

பண்ணையில் பாதி எவுசெபியோவுடையது.
நேற்று வண்டியைத் தன் லாரியில்
படுக்கவைத்து ஏற்றிவந்தவன் அவன்தான்,
பக்கத்தில் நாற்பது ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு.
போன வாரம் பெட்ரோல் சொட்டி
பன்னிரண்டு கட்டி பாழ்.
"உன் வண்டியும் உன் நாற்றமும்" என்றான்.
அன்றிலிருந்து நான் வாய் திறக்கவில்லை.

குச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டானா பாவி,
என்று கத்தப் போனவள்
பாதியில் நிறுத்தினேன்.
நேற்று இரவு லாரி ஜன்னலைத் தட்டி
கையை ஆட்டி ஆட்டி
என்னவோ சொன்னான்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பிளக்கை மாட்டினேன், திருகை இறுக்கினேன்.
நாற்பதில் ஓர் இருமல்.
நாற்பத்தொன்றில்
மணல்மேட்டுக்கு அப்பாலிருந்த மாடுகூடத்
தலை திருப்பியது.

குச்சியை எறியவில்லை.
சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.
அவன் சாப்பாட்டுத் தட்டின் ஓரம் வைப்பதா,
இல்லை கண்ணிலேயே குத்துவதா என்று
தொட்டிவரை யோசித்துக்கொண்டே போனதில்
உடைந்த குழாயைத்
தாண்டிப் போயிருக்கிறேன்,
மண் ஈரமாய்க் கிடந்ததைக்கூடப் பார்க்காமல்.